சுவர்களுக்கு வெளியே ஒரு சிகிச்சை



நாள்தோறும் மாலையில் ரொக்கத்தை எண்ணி, கணக்கை நேர்செய்து, பெட்டகத்தைப் பூட்டிய பின்னரே வங்கியாளர்களாகிய நாங்கள் வீடு திரும்புகிறோம். பத்து ரூபாய் வேறுபட்டாலும் காரணம் காணாமல் இருக்கையை விட்டு எழுவதில்லை. ஆயினும், மனத்தில் அன்றாடம் சேரும் நிலுவையை நம்மில் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அந்த நிலுவையைத் தீர்க்க உதவும் ஒரு சிகிச்சை முறையைப் பற்றியதே இக்கட்டுரை.

வங்கிகளில் முக்கியப் பொறுப்பு வகிக்கும் ஊழியர்களை ஆண்டுதோறும், முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாட்கள் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2021இல் அறிவுறுத்தியது. முறைகேடுகளைத் தடுப்பதே அதன் நோக்கம். வட இந்திய நகரம் ஒன்றில் எங்களுடன் பணியாற்றிய அதிகாரி ஒருவருக்கும் அவ்வாறு விடுப்பு அளிக்கப்பட்டது. அலுவலகத்தில் வேலையின் பின்னே மறைந்திருந்த துயரம், விடுப்பின் மூன்றாம் நாளே வெளிப்பட்டது. உறக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, முந்தைய ஆண்டு தாயை இழந்ததைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மனைவியின் வற்புறுத்தலால் மனநல மருத்துவரிடம் சென்றார். மருந்துடன் உளவியலாளரின் ஆலோசனையும் பரிந்துரைக்கப்பட்டது.

முதல் இரண்டு அமர்வுகளிலும் அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தாரே தவிர, ஏதும் பேசவில்லை. மூன்றாம் அமர்வை அருகிலுள்ள பூங்காவில் வைத்துக்கொள்ளலாமா என்று உளவியலாளர் கேட்டார். இருவரும் நடந்தனர். நான்காம் சுற்றில் ஒரு வேப்ப மரத்தடியில் நின்ற நண்பர், தம் ஊர் வீட்டு வாசலில் நின்ற வேம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்த மரத்திலிருந்து தாயைப் பற்றிய பேச்சு வந்தது. அவர் இசைவுடனேயே இதை இங்கே எழுதுகிறோம்.

இம்முறையை இயற்கைவழி உளசிகிச்சை எனலாம். இது உல்லாசப் பயணமும் அன்று, வெறும் காலை நடையும் அன்று. பயிற்சி பெற்ற வல்லுநர், திட்டமிட்ட குறிக்கோளுடன், பூங்கா, தோட்டம், காடு, நீர்நிலைக் கரை போன்ற இடங்களில் நடத்தும் சிகிச்சை இது. நடந்தவாறே உரையாடுவது ஒரு வகை. விதைத்தல், நீர் பாய்ச்சுதல் போன்ற தோட்ட வேலைகளின் ஊடே நிகழ்வது மற்றொரு வகை. காட்டில் அமைதியாக இருந்து, ஒலியையும் மணத்தையும் கவனிக்கப் பயிற்றுவது இன்னொரு வகை.

இது எவ்வாறு பயன் தருகிறது? எதிரெதிரே அமரும்போது கண்ணோடு கண் நோக்க நேர்கிறது. கூச்சமுடையோர்க்கு அதுவே தடை. அருகருகே நடக்கையில் அத்தடை தளர்கிறது. இடையில் நேரும் மௌனமும் உறுத்துவதில்லை.

அடுத்தது கவனம். ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 1989இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினர். கணக்குப் பார்க்கும்போது நாம் முயன்று செலுத்தும் கவனம் விரைவில் களைத்துவிடுகிறது. இலையசைவும் நீரோட்டமும் முயற்சியின்றியே நம்மை ஈர்ப்பதால், களைத்த கவனம் ஓய்வு பெறுகிறது என்பது அவர்கள் கருத்து.

மூன்றாவது, ஒரே துயர நினைவை மனம் மீண்டும் மீண்டும் அசைபோடும் பழக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 38 பேர் பங்கேற்றனர். மரங்கள் நிறைந்த புல்வெளியில் 90 நிமிடம் நடந்தவர்களிடம் இவ்வாறு அசைபோடுவது குறைந்தது. நெரிசலான சாலையோரம் நடந்தவர்களிடம் அம்மாற்றம் காணப்படவில்லை.

இவற்றுக்கு முன்னரே, ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்றோரில், சன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற்சுவரை மட்டுமே கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இவ்விரண்டும் சிறிய ஆய்வுகளே. இவற்றை வழிகாட்டிகளாகக் கொள்ளலாமேயன்றி, முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது.

ஜப்பானில் 1982ஆம் ஆண்டு முதல் 'வனக் குளியல்' என்னும் பழக்கம் அரசின் ஆதரவுடன் பரவியது. நம் நாட்டில் உத்தராகண்டின் ராணிகேத் அருகே காலிகா என்னுமிடத்தில், பைன் மரக்காட்டில், அம்மாநில வனத்துறையின் ஆய்வுப் பிரிவு 2021இல் வனநல மையம் ஒன்றை அமைத்தது. வனநடை, தியானம், மரத்தைத் தழுவி நிற்றல், வானத்தை நோக்கியிருத்தல் ஆகியவை அங்கே இடம்பெறுகின்றன. இத்தகைய மையங்கள் மன அமைதிக்கு உதவுவன. ஆனால் நோய்க்கான சிகிச்சைக்கு உரிய வல்லுநர் தேவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சிகிச்சையைத் தொடங்குமுன் சிலவற்றைத் தெளிவாகப் பேசி முடிவுசெய்துகொள்வது நலம். முதலாவது, இரகசியம். வாடிக்கையாளரின் இருப்புத் தொகையை நாங்கள் கவுண்டரில் உரக்கச் சொல்வதில்லை. பொதுப் பூங்காவில் அறிந்தவர் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதையும் அவ்வாறே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். கோடை வெயிலும் வடபுலத்துக் குளிர்காலப் புகைமூட்டமும் தடையானால் மாற்று இடம் எது என்பதையும் பேசிக்கொள்க. மூட்டுவலி, ஆஸ்துமா, ஒவ்வாமை இருப்பின் மறைக்காமல் கூறுக. மருத்துவ உளவியலாளராயின் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா எனக் கேட்டறிவது உங்கள் உரிமை. தற்கொலை எண்ணம், மனப்பிறழ்வு போன்ற கடுமையான நிலைகளில் மருத்துவரின் நேரடிச் சிகிச்சையே முதன்மையானது. எந்நிலையிலும் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. எனினும், பல பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையை மட்டுமே உள்ளடக்குகின்றன. ஆலோசனை அமர்வுகள் புறநோயாளர் செலவில் சேர்வதால், அப்பிரிவு உங்கள் பாலிசியில் உண்டா என்பதைப் புதுப்பிக்கும்போது பாருங்கள். கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை உள்ளது. 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பேசலாம்.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கிறார். எனில், எங்கள் கிளையின் வரிசையில் நிற்போரிலும், கவுண்டருக்குள் அமர்ந்திருப்போரிலும் அவர்கள் இருப்பர். வெட்கப்பட இதில் ஏதுமில்லை.

எங்கள் நண்பர் சில மாதங்கள் மருந்தும் பூங்கா அமர்வுகளுமாகச் சிகிச்சையைத் தொடர்ந்து, நலம் பெற்றார். இன்றும் மாலையில் கணக்கு நேரானதும் அவர் நேரே வீட்டுக்குச் செல்வதில்லை. அந்தப் பூங்காவை இருமுறை சுற்றிவிட்டே செல்கிறார். விடுப்பு முடிந்து திரும்பியவரிடம், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் கடந்துசென்றவர்கள் நாங்கள். அக்கேள்வியைக் கேட்டபின் சற்று நின்று விடையையும் கேட்க வேண்டும் என்பதை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டோம்.