0.004-க்குக் கீழே

சுவரில் தொங்கும் நெருப்பு – 6

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியவர்கள் பார்த்திருப்பார்கள். சமையலறை அலமாரியைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். குளிக்க வெந்நீர், அறைகளில் இருக்கும் ரேடியேட்டர்களுக்குச் சூடு, எல்லாம் அதிலிருந்துதான். போன வாரம் அந்த பாய்லரைச் சுவரில் மாட்டி, கேஸ் இணைப்பும் கொடுத்தாயிற்று. இந்த வாரம் பற்றவைக்கிறோம். சுவிட்சைத் தட்டினால் எரிந்துவிடும், அதில் ஒன்றும் இல்லை. எப்படி எரிகிறது என்று அளந்து, தாளில் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், சில விலக்குகள் போக, புதிதாக மாட்டும் கேஸ் பாய்லர் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும். பழைய பாய்லர் புகையோடு கணிசமான சூட்டையும் வானத்துக்கு அனுப்பிவிடும். இது புகையைச் சுமார் 55 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, அதிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. இங்கிலாந்தில் 2018 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சத் திறன் 92 சதவீதம் என்று விதி.

இந்தத் திறனுக்கு ஒரு விலை உண்டு. தீயைக் கண்ணால் பார்த்து எடைபோட முடியாது. பழைய பாய்லரில் தீ மஞ்சளாகச் சோம்பி ஆடினாலோ, ஓரத்தில் கரி படிந்தாலோ அனுபவசாலிக்கு விஷயம் தெரிந்துவிடும். இதில் விசிறி ஒன்று காற்றையும் கேஸையும் முன்கூட்டியே கலந்து மூடிய அறைக்குள் தள்ளுகிறது. பர்னரை ஒட்டி நீலமாகக் குட்டையாக எரியும் தீ, காற்று கொஞ்சம் குறைந்தாலும் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்காது. காற்று குறைந்தால் கேஸ் முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நிறமில்லை, வாசனையில்லை, ஆளைக் கொல்லும். அதனால்தான் இன்ஜினியர் கையில் புகையை அளக்கும் அனலைசர்.

முதல் வேலை வீட்டுக்கு வெளியே. அனலைசரைத் திறந்த வெளியில் வைத்து இயக்கினால் ஆக்சிஜன் 20.9, கார்பன் மோனாக்சைடு சுழி என்று காட்ட வேண்டும். வெளியே குளிருகிறதே என்று சமையலறைக்குள் நின்று இதைச் செய்தால், அங்கே ஏற்கெனவே அடுப்பு எரிந்திருந்தால், கருவி அசுத்தக் காற்றையே சுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் வரும் அத்தனை எண்ணும் கோணல்தான்.

அடுத்து, எரிபொருள் எது என்று கருவிக்குச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான அனலைசர்கள் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளப்பதில்லை. ஆக்சிஜனை அளந்து, எரிபொருளை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. குழாயில் வரும் இயற்கை எரிவாயு எரிகையில் புகையில் ஆக்சிஜன் 4.8 சதவீதம் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு 9 சதவீதம். முந்தைய வீட்டில் சிலிண்டர் கேஸுக்கு வைத்ததை மாற்ற மறந்திருந்தால், அதே புகைக்கு அதே கருவி 10.5 என்று சொல்லும். கேஸ் அதிகமாகப் போகிறது என்று நினைத்து, சரியாக இருந்ததை இன்ஜினியர் கெடுத்துவிட்டு வருவார்.

மூன்றாவது, புகைக்குழாய்ச் சோதனை. புகைக்குழாய் என்பது குழாய்க்குள் குழாய். உள்குழாயில் புகை வெளியேறும், வெளிக்குழாய் வழியே புதுக்காற்று உள்ளே வரும். இணைப்பில் ஒரு ரப்பர் வளையம் மடிந்து உட்கார்ந்தால் போதும், புகை கசிந்து வரும் காற்றோடு கலந்து திரும்பவும் பர்னருக்கே போகும். பாய்லர் தான் விட்ட மூச்சையே மறுபடி இழுக்கும். அதனால் பாய்லர் எரியும்போதே அனலைசரின் உறிஞ்சுகுழலை, அதாவது பிராப்பை, முதலில் காற்று வரும் பாதையில் நுழைத்துப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 20.6-க்குக் குறையக்கூடாது, கார்பன் டை ஆக்சைடு 0.2-ஐ எட்டக்கூடாது. என்னைக் கேட்டால், மொத்தச் சோதனையில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுதான். அவசரத்தில் முதலில் விட்டுவிடப்படுவதும் இதுவே.

இனி தீ. பாய்லரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். எல்லா ரேடியேட்டரையும் திறந்துவைத்தால்தான் வெப்பம் போக இடமிருக்கும். இல்லாவிட்டால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்கென்றே சர்வீஸ் நிலை ஒன்று உண்டு. சில ஜெர்மன் பாய்லர்களில் அதற்குப் புகைபோக்கி துடைப்பவரின் படம் போட்டிருக்கும்; அங்கே இந்த அளவை எடுப்பது பரம்பரையாக அவர்கள் வேலை. பற்றும் அந்தக் கணத்தில் கார்பன் மோனாக்சைடு குப்பென்று எழும். அப்போது பிராப் உள்ளே இருந்தால் சென்சார் திணறிப்போகும். எரிதல் நிதானப்பட்ட பிறகுதான் பிராப்பை நுழைத்து, முனை உள்குழாயின் நடுவில் நிற்கும்படி பிடிக்க வேண்டும். ஈரப்புகை என்பதால் கருவியின் நீர்க்கிண்ணத்தையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும்.

எண் நிலைத்ததும் பார்க்க வேண்டியவை இரண்டு. கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் 350 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். அதை கார்பன் டை ஆக்சைடால் வகுத்தால் வரும் விகிதம் 0.004-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்று போதாதா, இரண்டு எதற்கு?

பிராப் நுழையும் துளையில் ரப்பர் சரியாகப் பிடிக்காமல் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிட்டது என்று வையுங்கள். புகை பாதிக்குப் பாதி நீர்த்துவிடும். உண்மையில் 400 பங்கு கார்பன் மோனாக்சைடு, கருவியில் 200 என்று தெரியும். 350-க்குக் கீழே, சரிதானே என்று கிளம்பிவிடலாம். ஆனால் கார்பன் டை ஆக்சைடும் 9-லிருந்து 4.5 ஆகியிருக்கும். 4.5 சதவீதம் என்றால் பத்து லட்சத்தில் 45,000. 200-ஐ அதால் வகுத்தால் 0.0044. தோல்வி. மோரில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அதிலுள்ள உப்புக்கும் தயிருக்கும் இருக்கும் விகிதம் மாறாதல்லவா, அதேதான். நீர்க்காத புகையில் 9 சதவீதத்துக்கு 350 பங்கு என்றால் விகிதம் 0.0039 வரும். இரண்டு வரம்புகளும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். துளை ஒழுங்காக அடைபட்டிருந்தால் இரண்டும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்லும். ஒழுகினால் விகிதத்தை மட்டுமே நம்ப முடியும்.

பிறகு இதையே குறைந்த வேகத்தில் ஒரு முறை. முழு வேகத்தில் அழகாக எரிவது, மெதுவாக ஓடும்போது கெட்டுப்போகலாம். வீட்டு பாய்லர் வருடத்தின் பெரும்பகுதி மெதுவாகத்தான் ஓடும் என்பதால் இந்த இரண்டாம் அளவைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது.

எண் தாண்டினால்? கேஸ் வால்வில் ஒரு சிறு திருகு கண்ணில் படும், கை அரிக்கும். தொடக்கூடாது. கேஸ் அழுத்தம் சரியா, குழாய் இணைப்பு சரியா என்று பார்த்துவிட்டு, அப்படியும் சரிப்படாவிட்டால் பாய்லரை அணைத்துவிட்டு, தயாரித்தவரைக் கூப்பிட வேண்டும். திருகைத் திருப்ப அவர்கள் கையேடு அனுமதித்தால் மட்டும், எட்டில் ஒரு சுற்று போலக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பொறுத்து அளக்க வேண்டும். புதிதாக வரும் சில பாய்லர்களில் அந்தத் திருகே கிடையாது. தீயில் ஓடும் நுண்ணிய மின்னோட்டத்தை வைத்து அதுவே கலவையைத் திருத்திக்கொள்கிறது. அளப்பது மட்டும் போகவில்லை.

கடைசியில் பிராப்பை உருவியதும் அந்தத் துளையின் மூடியைத் திரும்பப் போட வேண்டும். மறந்தால், வெளியே போக வேண்டிய புகை அலமாரிக்குள் கசியும். எண்களை பெஞ்ச்மார்க் என்ற சோதனைப் பட்டியலில் எழுதி, பாய்லரோடு வந்த புத்தகத்தில் வைத்து வீட்டுக்காரரிடம் கொடுப்பது அங்கே வழக்கம். இரண்டு வேகத்துக்கும் எண்கள் இருக்கின்றனவா என்று வீட்டுக்காரர் புரட்டிப் பார்க்கலாம். வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் இன்ஜினியரை வாசலிலேயே நிறுத்திக் கேட்கலாம்.

(அடுத்த வாரம்: 2010 டிசம்பர் உறைபனியில் பாய்லர்களை நிறுத்திய ஒரு பிளாஸ்டிக் குழாய்)