மாலையும் மலக்கூடையும்

மண்டபத்திலே மாலை விழுகிறது. மேடைமீது வீற்றிருக்கும் கனதனவானின் கழுத்திலே ரோஜா, காதிலே புகழுரை. தன்னலமற்ற சேவையின் திருவுருவம் என்று முழங்குகிறார் வரவேற்பாளர். கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. கூட்டம் கலைகிறது. உதிர்ந்த இதழையும் கசங்கிய காகிதத்தையும் கூட்டி அள்ள ஒருவர் வருகிறார், துடைப்பத்தோடு. அவர் செய்வதற்குச் சேவை என்ற பெயரில்லை. 'அது அவன் வேலை' என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏன் இந்த வேறுபாடு? சேவை என்ற சொல்லையே கூண்டிலேற்றிக் கேட்போம்.

வடமொழிச் சொல் அது. 'சேவ்' என்ற வேரிலே முளைத்தது. அருகிலிருத்தல், நாடிச் செல்லுதல், பணிவிடை செய்தல், வழிபடுதல் ஆகிய பொருள்களெல்லாம் அதற்குண்டு. பெருமாளைச் சேவித்து வந்தேன் என்று வைணவ அன்பர் கூறுகிறாரே, அது இந்தச் சேவைதான். (இலையிலே விழும் அரிசிச் சேவை வேறு, பாவம், அதை வழக்குக்கு இழுக்கவேண்டாம்.) கேட்க இனிக்கும் சொல்! ஆனால், மனுதர்ம சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பிராமணன் எவ்வெவ்வாறு பிழைக்கலாம் என்று அங்கே வரிசை வருகிறது. சிந்திய கதிரைப் பொறுக்கலாம், கேளாமல் வருவதைப் பெறலாம், கேட்டும் பெறலாம், உழவு செய்யலாம், வாணிபமும் செய்யலாம். சேவை மட்டும் ஆகாது! அதற்கு அந்நூல் சூட்டும் பெயர் 'சுவவிருத்தி'. அதாவது, நாய்ப் பிழைப்பு.

உச்சியிலே இருப்பவனுக்கு நாய்ப் பிழைப்பு என்று விலக்கப்பட்ட அந்தப் பணி, அடியிலே இருப்பவனுக்கு என்னவாயிற்று? அவனுக்கு விதிக்கப்பட்ட ஒரே கடமையாயிற்று! மேல் மூன்று வருணத்தாருக்கும் மனங்கோணாமல் ஊழியம் செய்வதே சூத்திரன் தொழில் என்று முதல் அத்தியாயமே முடிவு கட்டிவிடுகிறது. அங்கே வரும் சொல் 'சுச்ரூஷை'. அதன் நேர்ப்பொருள் என்ன தெரியுமோ? கேட்க விரும்புதல். எதைக் கேட்க? கட்டளையை! சரி, கூலி? பத்தாம் அத்தியாயத்திலே இருக்கிறது: மிச்சில் சோறு, பழந்துணி, பதர், பழைய தட்டுமுட்டு. எசமானனே மனமிரங்கி விடுவித்தாலும் விடுதலை கிடையாது, அடிமைத்தனம் அவனோடு பிறந்தது என்று எட்டாம் அத்தியாயம் பூட்டும் போட்டுச் சாவியையும் எறிந்துவிடுகிறது.

"மனுவை விடும் ஐயா, கீதை இருக்கிறதே! பலன் கருதாப் பணியை அது போதிக்கவில்லையா?" என்பர் நண்பர். போதிக்கிறது, அழகாகவே போதிக்கிறது. ஆனால் உலகின் நலனுக்காகப் பற்றின்றிப் பணிபுரிய, மூன்றாம் அத்தியாயத்திலே கண்ணன் காட்டும் எடுத்துக்காட்டு யார்? சனகன், அரசன்! கேட்டுக்கொண்டிருப்பவன் அர்ச்சுனன், அரசகுமாரன்! பலனை வேண்டாமென்று ஒதுக்க, பலன் கைக்கெட்டும் தொலைவிலாவது இருக்கவேண்டாமோ? மணிமுடி தரித்தவன் 'வேண்டாம்' என்றால் அது துறவு. மடியிலே மணியரிசியும் இல்லாதவனிடம் போய், பலனை எதிர்பாராதே என்றால் அது துறவா, சுரண்டலா? அந்தக் கீதையே பதினெட்டாம் அத்தியாயத்தில், பணிவிடை என்பது சூத்திரனுக்கு இயல்பாய் அமைந்த கருமம் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

இந்தச் சொல்லைத் தலைகீழாகப் புரட்டிப்போட முயன்ற துறவிகளும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1897-ல் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கிய விவேகானந்தர், ஏழையே நாராயணன் என்றார். அவருடைய சீடர் கல்யாணானந்தர், 1901-ல் அரித்துவாரத்தை அடுத்த கன்கல் என்னும் ஊரிலே ஒரு சேவாசிரமம் அமைத்தார். கங்கைக்கரையெங்கும் சாதுக்கள், நோயில் விழுந்தால் மருந்துமில்லை, பார்ப்பாருமில்லை. கல்யாணானந்தரும் பின்னர் வந்து சேர்ந்த நிச்சயானந்தரும் மருந்து கொடுத்தனர், புண் கழுவினர், நோயாளியின் மலசலத்தையும் தங்கள் கையாலே அள்ளினர். காவி கட்டிய கை, மலச்சட்டியை ஏந்துவதா! வைதீகத் துறவியர் முகஞ்சுளித்தனர். வேதாந்தம் பேசவேண்டிய வாய், வாந்தி துடைக்கிறதே என்று வருந்தினர். சூட்டினர் ஒரு பட்டம்: 'பங்கி சாதுக்கள்'. பந்தியிலே இடமில்லை என்று ஒதுக்கியும் வைத்தனர். ரிஷிகேசத்துக் கைலாச ஆசிரமத்தின் தனராஜ் கிரி என்ற மூத்த துறவி, விருந்துக்கு அவர்களை வரவழைத்து மரியாதை செய்தபிறகே அந்த விலக்குத் தளர்ந்தது.

நல்லது, பாராட்டுவோம். ஆனால், அந்த வசைச்சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பங்கி என்பது என்ன? ஒரு சாதியின் பெயர்! தலைமுறை தலைமுறையாக வடநாட்டிலே மலம் சுமந்த மக்களின் பெயர். துறவி அள்ளினார், பெயர் கெட்டது, பிறகு பந்தி கிடைத்தது. அந்தப் பெயரோடு பிறந்தவனை எந்த மடம் பந்திக்கு அழைத்தது?

அதே 1901. கல்கத்தாவிலே காங்கிரசு மாநாடு. கழிப்பிடங்கள் நாறின. காந்தியார் சுட்டிக்காட்டியபோது, அது எங்கள் வேலையல்ல, தோட்டியின் வேலை என்றனர் அங்கிருந்த தொண்டர்கள். ஆமாம், தொண்டர்கள்! அவரே துடைப்பம் எடுத்தார். அது சேவைதான்; ஐயமில்லை. ஏனெனில் அந்தப் பாரிஸ்டர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எந்த நேரமும் வெளியே நடக்கலாம். ஆனால் 1936-ல் 'ஹரிஜன்' ஏட்டிலே, இலட்சியத் தோட்டி எப்படி இருக்கவேண்டும் என்று எழுதியபோது, அவன் பணியைத் தாயின் பணிக்கு ஒப்பிட்டார். தாயை வாசலிலே நிறுத்தி, கையிலே தண்ணீர் ஊற்றுவாருண்டா? வேறு வழியற்றவனிடம், நீ விரும்பி ஏற்ற புனிதப் பணி இது என்று சொல்லி நம்பவைப்பது கொடுமை என்று, 1945-ல் வெளிவந்த நூலிலே அம்பேத்கர் கொதித்தெழுந்தார்.

மலம் அள்ளவைப்பதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம். போதாதென்று 2013-ல் இன்னொன்று. சாக்கடைக் குழியிலே மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தரவேண்டும் என்று 2014-ல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2023-ல் அதை முப்பது இலட்சமாக்கியது. சாவு நின்றிருந்தால் தொகையை உயர்த்துவானேன்?

மண்டபத்தைக் கூட்ட வந்தாரே, அவரை மறந்துவிடவேண்டாம். சேவையின் பெருமையைப் பேசிவிட்டு இறங்கும் அன்பர், காரிலே ஏறுமுன் அவரிடம் ஒன்று கேட்கட்டும்: "ஐயா, நாளைக்கு நான் வரமாட்டேன் என்று உங்களால் சொல்லமுடியுமா? சொன்னால், வீட்டிலே அடுப்பு எரியுமா?"