கம்பம் பந்தலுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்!

தேக்கடிக்குச் சுற்றுலா போகிறவர்கள், வழியில் கம்பத்திலிருந்து பிரிந்து சுருளி அருவிக்கும் ஓர் எட்டு போய் வருவார்கள். அந்தச் சாலையில், சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல்களைப் பார்த்ததும் கார் நிற்கும். கேட்காமலே உள்ளே நுழைவார்கள். குலையைக் கையில் ஏந்தி போட்டோ எடுப்பார்கள். இரண்டு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, பத்தாவது நிமிடம் கிளம்பிவிடுவார்கள்.

அங்கே மூன்று ஏக்கரில் பந்தல் வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு இதில்தான் வருத்தம். "வர்றவங்களை வேணாம்னு சொல்லல. குலையைத் தொட்டா, பழத்து மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கிற பூச்சு அழிஞ்சிரும். கை பட்ட குலையை யாவாரி ஒதுக்கிருவாரு. அவங்களுக்கு ஒரு போட்டோ, எனக்கு ஒரு குலை நட்டம். அதுக்குப் பதிலா ரெண்டு நாள் தங்கி, நிதானமா பாத்துட்டுப் போகலாமே!" என்கிறார். ஊருக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு அவர் போட்டுக்கொடுக்கும் பயணத் திட்டம் இது.

எப்போது வரலாம்?

'திராட்சை சீசன் எப்போது?' என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்தால் கோடையில் அறுவடை. மே, ஜூனில் செய்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. நன்றாகப் பராமரிப்பவர்கள் இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை வரை பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தேதியில் கத்திரி வைப்பதால், ஒரு தோட்டம் மொட்டையாக நிற்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் தொங்கும். அதனால், கிளம்பும் முன்பு யாரிடமாவது விசாரித்துவிட்டு வருவது நல்லது. ருசிக்குக் கோடைப் பழம்தான். மழையில் பழுத்தால் பழம் வெடிக்கும், சர்க்கரையும் ஏறாது. அந்த நேரத்தில் விலையும் இறங்கிவிடும்.

ஆடி, தை அமாவாசை நாள்களில் சுருளியில் கூட்டம் நெரியும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடக்கும்போது தேனி சாலையே திணறும். திருவிழா பார்க்க ஆசை இருந்தால் அதற்கென்று தனியாக வாருங்கள். பந்தல் பார்க்க வார நாள்களே சரி.

காலை ஆறரை மணி

முதல் நாள் மாலையே கம்பத்துக்கு வந்து தங்கிவிட வேண்டும். தேனி வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து கம்பத்துக்குப் பேருந்துக்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பந்தலுக்கு அடியில் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அறுவடை நடப்பது அந்த நேரத்தில்தான். கத்திரியால் காம்பை வெட்டி, அடிபட்ட பழங்களைக் கிள்ளி எறிந்து, டிரேயில் அடுக்குவார்கள். குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலையல்ல, கழுத்தை அண்ணாந்தபடியே செய்யும் வேலை. அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தாலே கழுத்து சொல்லிவிடும்.

இங்கே அதிகம் விளைவது 'மஸ்கட் ஹாம்பர்க்' ரகம். நமக்குப் பழகிய பெயர் பன்னீர் திராட்சை. 1832-ம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023-ம் ஆண்டில் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாசமான பழம்தான், ஆனால் தூரம் தாங்காது. லாரியில் குலுங்கினால் காம்பை விட்டுப் பழம் உதிர்ந்துவிடும். நகரத்தில் வாங்கிச் சாப்பிட்டவர்கள், கொடியிலிருந்து அப்போதே வெட்டியதைச் சாப்பிட்டால், 'இதுவும் அதே பழம்தானா?' என்று கேட்பார்கள்.

மருந்து வாடை அடித்தால் உள்ளே போகாதீர்கள். அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்காமல் இங்கே திராட்சை எடுப்பது சிரமம். தெளித்த தோட்டத்தில் எந்தப் பழத்தையும் வாயில் வைக்கக் கூடாது. 'கடைசியாக எப்போது அடித்தீர்கள்?' என்று விவசாயியிடம் கேட்பதில் தப்பே இல்லை.

நாம் எல்லோரும் கலக்கும் போர்டோ கலவைக்கும் இந்தப் 'பிய்த்துத் தின்னும்' பழக்கத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. பிரான்ஸில் ஒயினுக்குப் பெயர்போன போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882-ல் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கலவை!

ஒயின் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பன்னீர் திராட்சை ஒயினுக்கு ஏற்ற பழம்தான். அதற்காகத் தோட்டத்தில் போய் ஒயின் கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் தயாரித்து விற்பது குற்றம். சாறு கேளுங்கள், பிழிந்து கொடுப்பார்கள்.

தண்ணீர் வந்த வழி

மதிய வெயிலில் அறையில் படுத்துத் தூங்கலாம். அதுவும் திட்டத்தில் சேர்த்திதான். மாலையில் சுருளி அருவி. வெள்ளம் வந்தாலும், யானை நடமாட்டம் இருந்தாலும் வனத்துறை அனுமதிக்காது. அப்போது அடம்பிடிக்காமல் வாய்க்கால் கரையில் ஒரு நடை போகலாம். தென்னை, கரும்பு, வாழை, நெல் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். பள்ளத்தாக்கில் இருபோக நெல் சாகுபடி மட்டும் 14,707 ஏக்கர்.

இரண்டாம் நாள் காலையில் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் போங்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் மணிமண்டபம் அங்கே இருக்கிறது. மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வரவில்லை என்றால், முந்தின நாள் பார்த்த பசுமையில் பாதி இருந்திருக்காது. விவசாயிகளாக இருப்பவர்கள், திரும்பும் வழியில் ஆனைமலையன்பட்டியில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தையும் பார்க்கலாம். வேலை நாளாக இருக்க வேண்டும்.

பந்தல் வைத்திருப்பவர்களுக்கு...

பந்தலை ஒட்டிய வீடும் நிழலும் இருந்தால், வருபவர்களை வருமானமாக மாற்ற முடியும். அந்த விவசாயி செய்திருப்பது பெரிய முதலீடு எதுவும் இல்லை. சாலையோரம் இரண்டு வரிசையைப் பார்வையாளர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார். போட்டோ எல்லாம் அங்கேதான். மருந்து அடித்த நாளில் வாசலில் கயிறு கட்டிவிடுகிறார். கிலோ விலையைச் சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். "யாவாரி குடுக்கிற விலைக்கும் கடை விலைக்கும் நடுவுல ஒரு விலை. வாங்குறவங்களுக்கும் லாபம், எனக்கும் லாபம்" என்கிறார். மொத்த விளைச்சலையும் இப்படி விற்றுவிட முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். மழை வந்து வியாபாரி விலையைக் குறைக்கும் வாரத்தில், கூலிப் பணத்தையாவது இந்தச் சில்லறை விற்பனை கொடுத்துவிடுகிறது. கழிப்பறை இல்லாததுதான் குறை. குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிக நேரம் உட்காராததற்கு அதுவே காரணம் என்று, அடுத்ததாக அதைக் கட்ட நினைத்திருக்கிறார்.

வீட்டுக்குப் பழம் வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காரில் பகல் முழுக்க வைத்திருந்தால் வெந்துவிடும். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக வைத்து வாங்கி, கழுவாமல் கொண்டுபோய், மறுநாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.