கறையான் எறும்பன்று

மழை ஓய்ந்த மாலையில், ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை அன்பர்கள் அறிவர். சிறகு முளைத்த கறையானே ஈசல். கறையானை 'வெள்ளை எறும்பு' என்று கரும்பலகையில் எழுதிப் பல்லாண்டு பாடஞ் சொன்னவருள் யானும் ஒருவன். அது பிழை. எறும்பு குளவியின் சுற்றம். கறையானோ கரப்பானின் குடிவழி.

இரண்டும் கூடி வாழ்வதால் வந்த மயக்கம் இது. எறும்பின் வேலையாட்கள் அனைத்தும் பெண்ணே. கறையானில் ஆணும் உழைக்கும். ஆணெறும்பு இணைசேர்ந்தபின் விரைவில் மாய்ந்துவிடும். கறையான் அரசனோ அரசியோடு புற்றிலேயே வாழும்.

கரப்பானினத்தில் இக்கூட்டு வாழ்வு எங்ஙனம் வந்தது? மரந்தின்னும் கிரிப்டோசெர்கஸ் என்னும் கரப்பான் இன்றும் வட அமெரிக்காவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் உண்டு. மட்கிய மரத்துள் தாயும் தந்தையும் குஞ்சுகளோடு தங்கி, மரத்தைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களைத் தம் குடலிலிருந்து அவற்றிற்கு ஊட்டுகின்றன. ஊட்டப்பெறாத குஞ்சு மரத்தைத் தின்று பிழைக்க முடியாது. பெற்றோரும் பிள்ளைகளும் பிரியாதிருக்க வயிறே ஒரு காரணமாயிற்று என்க.

இக்குடும்பம் அரசாக வளர்ந்தது எப்பொழுது? ஏறத்தாழ 13 கோடி ஆண்டுப் பழமையுடைய கறையான் படிவங்கள் கிடைத்துள்ளன. ஆயினும் பழம்படிவங்களுள் பல ஈசலின் சிறகுகளே. சிறகு கரப்பானுக்கும் உண்டு. அதைக் கொண்டு கூட்டு வாழ்வை நிறுவவியலாது. தேவையான சான்று, மியன்மார் என இன்று வழங்கும் பர்மாவின் வடபகுதியில் அகப்பட்டது. மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பருள், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுக்கு முற்பட்ட வேலைக்கறையானும் போர்க்கறையானும் அழியாது கிடந்ததை மைக்கேல் எங்கல் முதலிய ஆய்வாளர் 2016-இல் வெளியிட்டனர்.

போர்க்கறையான் ஏன் சிறந்த சான்று? அதன் நீண்ட தாடை பகையைக் கடிக்க உதவுமேயன்றி மரத்தைக் கொறிக்க உதவாது. பிறர் ஊட்டினாலன்றி அது பட்டினியால் மாயும். ஆகவே போர்வீரன் ஒருவன் இருந்தான் எனில், அவனுக்கு ஊட்டுவோரும் அன்றே இருந்தனர். அவ்வம்பர் இனங்களுள் ஒன்றற்குக் கிருஷ்ணாடெர்மெஸ் யோத்தா என்று பெயரிட்டனர். முன்சொல் இந்தியாவிற் பிறந்த கறையான் அறிஞர் குமார் கிருஷ்ணாவைக் குறிக்கும். பின்சொல் வடமொழியில் போர்வீரன்.

நம் பால்மரத்தின் ஆணிவேரை அரித்து, உயிருள்ள மரத்தையே சாய்க்கும் கோப்டோடெர்மெஸ் கறையானிலும் இவ்வீரனைக் காணலாம். சீண்டினால் நெற்றியிலிருந்து வெண்ணிறப் பாலைக் கக்கும். பால்மரத்தைக் கெடுப்பதற்கும் பால்! ஆசிரியர்கள் அத்தகைய ஒன்றைக் கண்ணாடிக் குப்பியிலிட்டு மாணவரிடம் காட்டி, இதற்குச் சோறூட்டுவது யார் என்று கேட்டுப் பார்க்கலாம்.