காய்ச்சலுக்கு லீவு கொடுங்கள்

ஃப்ளூவைத் தடுக்கும் பழக்கங்கள் எளியவை. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பள்ளியும் அலுவலகமும் மனம் வைக்க வேண்டும்.

2009 ஆகஸ்ட் 3-ஆம் தேதி புனேயில் 14 வயது மாணவி ஒருவர் பன்றிக் காய்ச்சலுக்குப் பலியானார். இந்தியாவில் எச்1என்1 வைரஸ் பறித்த முதல் உயிர் அது. நகரம் மிரண்டது. பள்ளிகளும் திரையரங்குகளும் மூடப்பட்டன. முகக் கவசம் கிடைக்காதவர்கள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டினார்கள். சாதாரண ஜலதோஷக்காரர்களும் பரிசோதனைக்காக மருத்துவமனை வரிசையில் நெருக்கியடித்து நின்றார்கள். கிருமி தொற்றிக்கொள்ள அதைவிடத் தோதான இடம் கிடையாது.

பீதி அடங்கியது, வைரஸ் போகவில்லை. 2015-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தலைவிரித்தாடியது. அந்த ஆண்டு நாடெங்கும் 30,000-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்று அது ஆண்டுதோறும் வந்துபோகும் ஃப்ளூ காய்ச்சல்களில் ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரையிலும் மழைக்காலத்தை ஒட்டியும் அதிகம் பரவுகிறது.

பரவும் வழி சிக்கலானதல்ல. தும்மும்போது சிதறும் நுண்துளிகள் அருகில் இருப்பவரின் மூச்சில் கலக்கின்றன. பஸ் கம்பியிலும் கதவுக் கைப்பிடியிலும் வைரஸ் ஒரு நாள்வரைகூடத் தாக்குப்பிடிக்கும். அங்கே பட்ட கை மூக்கையோ கண்ணையோ தொட்டால் போதும். வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைச் சிதைத்துவிடும். 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். தும்மல் வந்தால் உள்ளங்கையை அல்ல, முழங்கை மடிப்பைக் கொடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இதெல்லாம் பலிக்குமா? கோவிட் பரவிய 2020-21-இல் உலகெங்கும் ஃப்ளூ ஏறக்குறையக் காணாமல் போனது. யமகாட்டா என்ற ஃப்ளூ பி வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. ஊரடங்கும் பயணத் தடையும் இதற்குக் காரணம்தான். முகக் கவசத்துக்கும் கை கழுவியதற்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாவற்றிலும் கடினமான பழக்கம் வீட்டில் இருப்பது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து சுமார் ஒரு வாரம்வரை நோயாளி கிருமியைப் பரப்பக்கூடும். பாராசிட்டமால் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் காய்ச்சல் இறங்கும், தொற்று இறங்காது. மாத்திரையின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகே வெளியே அனுப்புவது நல்லது. ஆனால் ஒரு நாளும் லீவு எடுக்காத மாணவனுக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கிறோம். இருமிக்கொண்டே வேலைக்கு வருபவரைக் கடமை வீரர் என்கிறோம். தினக் கூலிக்காரருக்கோ லீவு என்றால் அன்றைய அடுப்பு எரியாது.

முதியோர், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், ஆஸ்துமா அல்லது சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காதீர்கள். வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்தில்தான் நன்கு வேலை செய்யும்.

கை கழுவுவது தனிமனிதர் பொறுப்பு. காய்ச்சல்காரரைச் சம்பளம் பிடிக்காமல், மதிப்பெண் குறைக்காமல் வீட்டுக்கு அனுப்புவது முதலாளிக்கும் தலைமையாசிரியருக்கும் உரியது.