ஐ5 சரி, எத்தனையாவது தலைமுறை?

"ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கினதுப்பா, ஒரு கீறல் கிடையாது பாரு" என்று மந்தைவெளி மாமி ஒருவர் லேப்டாப்பை நீட்டினார். கீறல் இல்லைதான். ஆன் செய்து பிராசசர் எண்ணைப் பார்த்தேன்: ஐ5-7200யு. "ஏழாவது தலைமுறை மாமி. எட்டா இருந்தா நல்ல விலை தந்திருப்பேன்" என்றேன். கோபித்துக்கொண்டார். கோபம் நியாயமானதுதான், ஆனால் நான் என்ன செய்ய?

மயிலாப்பூரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிறேன். ஐ5, ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் இப்போது விலையைச் சொல்கிறது. 8250 என்றால் எட்டாவது தலைமுறை. 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெலில் அநேகமாக எட்டாவது தலைமுறையாவது வேண்டும். நன்றாக ஓடுகிற மெஷினுக்கு மதிப்புப் போனது இப்படித்தான். லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். கேட்டு வாங்குவோர்தான் குறைவு. வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஐ7 ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது. பயாஸுக்குள் போய்ப் பாருங்கள்.

எனக்குச் சரக்கு பெரும்பாலும் ரிச்சி தெருவிலிருந்து. பெயர்தான் தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்த சந்தை அது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கம்பெனிகள் கழித்துவிடும் லேட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் எல்லாம் அங்கே லாட்டாக வந்து இறங்கும். வீட்டு லேப்டாப்பைவிட இவை எனக்குப் பிடிக்கும்: உடம்பு கெட்டி, உதிரி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பயாஸ் பாஸ்வேர்டை எடுக்காமல் தள்ளிவிட்ட மெஷின் கையில் மாட்டினால் தலைவலிதான்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகிய பிறகு, துடைத்துப் பளபளவென்று வந்த சி.பி.யூ. பெட்டிகளை வாங்கவே பயந்தோம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ஸ்க்ரூ துளையில் வண்டல், போர்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. சில நாள் ஓடும், பிறகு நிற்கும்.

விற்க வருகிறவர்கள் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், உள்ளே இருக்கும் வருமான வரிக் கணக்கு, ஆதார் நகல் பற்றிக் கேட்க மாட்டார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஃபைலை அழித்தால் போவது அதன் முகவரி மட்டும். வேறொன்று அந்த இடத்தில் எழுதப்படும்வரை, இலவச சாஃப்ட்வேர் வைத்தே திரும்ப எடுக்கலாம். க்விக் ஃபார்மட்டும் அப்படியே. அதனால் நான் டிஸ்க்கைக் கழற்றிக் கையிலேயே கொடுத்துவிடுவேன், விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. பலருக்கு இது பிடிப்பதில்லை.

மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ். எது வந்தாலும் பார்க்கிறேன். உப்பிய பேட்டரியை மட்டும் காயலான் கடையில் போடாதீர்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுங்கள். பரணில் கிடந்த இங்க்ஜெட் பிரிண்டரைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். ஹெட் காய்ந்திருக்கும், அதை மாற்றுகிற காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புதுசே வாங்கிவிடலாம்.