திக்கிப் பேசும் குழந்தை: பயிற்சியின் வெற்றி வீட்டில்தான்

திருவனந்தபுரம்: கேரளத்தின் முதலாவது முதல்வராக 1957-இல் பொறுப்பேற்ற இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசுபவர். அரசியலில் அவர் உயர்வதற்கு அது தடையாகவில்லை. ஆயினும், தமது குழந்தை முதன்முறையாகத் திக்கும்போது கலங்காத பெற்றோர் குறைவு.

நாக்கில் வசம்பு தேய்ப்பதும், வாயில் கூழாங்கல் அடக்கிப் பேசவைப்பதும் இரு மாநிலங்களிலும் அறியப்பட்ட கைவைத்தியங்கள். இவற்றால் திக்கு குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1997-இல் தொடங்கப்பட்டு, திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள தேசிய பேச்சு, செவித்திறன் நிறுவனம் போன்றவற்றில் முறையான பேச்சுப் பயிற்சி கிடைக்கிறது.

பழி பெற்றோருக்கு அல்ல

இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் பெரும்பாலும் திக்கு தொடங்குகிறது. பலருக்குத் தானாகவே மறைந்துவிடுகிறது. பெற்றோரின் எதிர்வினையே திக்கை உருவாக்குகிறது என்று அமெரிக்க அறிஞர் வெண்டல் ஜான்சன் 1940-களில் வாதிட்டார். பிற்கால ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. பாகிஸ்தான் குடும்பங்களில் தொடங்கிய ஆய்வு, சிலரது திக்குக்கு மரபணு மாற்றங்களுடன் தொடர்பிருப்பதை 2010-இல் காட்டியது.

திக்குக்குக் காரணம் பெற்றோர் அல்லர். ஆனால், பயிற்சியின் பலனில் அவர்களது பங்கு பெரிது. பயிற்சியாளரிடம் குழந்தை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில்தான். அங்கு "மெதுவாகச் சொல்", "மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று ஓயாமல் திருத்துவதும், வராத சொல்லைப் பெரியவர்களே முடித்துவிடுவதும் நல்லெண்ணத்தால்தான். எனினும், பேச்சே ஒரு தேர்வு என்று அஞ்சும் குழந்தை வாய்மூடி இருக்கப் பழகிவிடக்கூடும்.

இரு முறைகள், ஒரே முடிவு

ஆஸ்திரேலியாவின் லிட்கம் முறையில், பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு பெற்றோரே தினமும் பயிற்சி அளிக்கின்றனர். தடையின்றி வந்த பேச்சைப் பாராட்டுவது அதிகம்; திக்கியதைச் சுட்டுவது மிகக் குறைவு. மற்றொரு முறையில் பெற்றோர் தமது பேச்சு வேகத்தையும், குழந்தையின் மீதான எதிர்பார்ப்பையும் தணித்துக் கொள்கின்றனர். நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2015-இல் வெளியானது. 18 மாதங்களுக்குப் பின் லிட்கம் முறையில் 76.5 சதவீதத்தினரும், மற்றதில் 71.4 சதவீதத்தினரும் திக்கின்றிப் பேசினர். இது பெரிய வேறுபாடு அல்ல. இரண்டிலும் பொதுவாக இருந்தது, பயிற்சி பெற்ற பெற்றோரின் அன்றாடப் பங்களிப்பே.

தாய்மொழியைக் கைவிட வேண்டாம்

வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தைகள் இந்நகரின் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. பல மொழி பேசுவதால் திக்கு உண்டாவதில்லை. எனவே, தாய்மொழியைக் கைவிடத் தேவையில்லை.

திக்கு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இருந்தாலோ, பேசும்போது குழந்தை முகத்தைச் சுளித்துத் திணறினாலோ நிபுணரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டில் செய்யத் தக்கதும் எளியதே: குழந்தை சொல்லும் விதத்தை விட்டு, சொல்லும் செய்தியைக் கேட்க வேண்டும், அது முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.